ஒரு வயர் கழன்றால் ஆபீஸே நின்றது ஏன்?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான். அப்பா வேலை பார்த்த அலுவலகத்தின் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு மரப்பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே 'டி' எழுத்து வடிவத்தில் சில உலோகத் துண்டுகள், சுண்டுவிரல் நுனி அளவில் சில மூடிகள், கருப்பு கேபிள் சுருள் ஒன்று, குட்டி ஜம்பர்கள் (இரண்டு ஊசிகளை இணைக்கும் செருகல்கள்) மாட்டிய நாலைந்து கார்டுகள், செங்கல் கனத்தில் ஒரு 20 எம்பி ஹார்டு டிஸ்க். "இதில் ஒன்றைக் கழற்றினால் ஆபீஸே நின்றுவிடும்" என்று அப்பா சொன்னாராம். நெட்வொர்க் படித்த உங்களுக்கு அது நம்பும்படியாக இல்லை. ஒரு கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினால் அந்த ஒன்றுதானே நிற்க வேண்டும், மற்றதெல்லாம் ஏன் நிற்கிறது, இவ்வளவு மோசமாகவா வடிவமைத்தார்கள் என்று கேட்கிறீர்கள்.

அப்பா சொன்னது முழுக்க உண்மை. 1991 முதல் பத்து வருடத்துக்கு மேல் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இந்த வயரை நம்பித்தான் என் பிழைப்பு நடந்தது. ஆனால் மோசமான வடிவமைப்பு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருப்பு கேபிளின் பெயர் ஆர்ஜி-58. வெட்டிப் பார்த்தால் நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளையாக பாலிதீன், அதன் மேல் சடை பின்னியது போல மெல்லிய கம்பி வலை, வெளியே கருப்பு உறை. கேபிள் டிவி வயரைப் பார்த்தால் இதன் கூடப் பிறந்தது போல இருக்கும். அந்தச் சாயலால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன். 'டி' வடிவத் துண்டு டி கனெக்டர். மூடி மாதிரி இருப்பது டெர்மினேட்டர். அதற்குள் 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது, வேறெதுவும் இல்லை. ஆனால் உங்கள் பெட்டியிலேயே முக்கியமான பொருள் அதுதான்.

இன்று ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் தனியாக ஒரு வயர் கிளம்பி சுவிட்ச் என்ற நடுப்பெட்டிக்குப் போகிறது. அன்று சுவிட்ச் இல்லை. நடுவில் எந்தப் பெட்டியும் இல்லை. ஒரே கேபிள்தான். அது முதல் மேஜையில் தொடங்கி, ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பின்பக்கத்தையும் தொட்டுக்கொண்டு, கடைசி மேஜையில் முடியும். ஒவ்வொரு இடத்திலும் அதை வெட்டி நடுவில் ஒரு டி போடுவோம். டி-யின் ஒரு கை வழியாகக் கேபிள் வரும், மறு கை வழியாக அடுத்த மேஜைக்குப் போகும், கால் நேராகக் கார்டில் உட்காரும். முதல் டி-யிலும் கடைசி டி-யிலும் ஒரு கை காலியாக இருக்குமே, அங்கேதான் டெர்மினேட்டர். ஒரு கேபிளின் நீளம் 185 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதில் 30 கம்ப்யூட்டருக்கு மேல் கோக்கக்கூடாது, இரண்டுக்கு நடுவே அரை மீட்டராவது விட வேண்டும். வேகம் நொடிக்கு ஒரு கோடி பிட். தரநிலையில் இதன் பெயர் 10பேஸ்2. நாங்கள் கோ-ஆக்ஸ் என்று மட்டும் சொல்வோம்.

இந்த யோசனை பிறந்தது கலிஃபோர்னியாவில், பாலோ ஆல்ட்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில். 1973-இல் ராபர்ட் மெட்காஃப் இதற்கு ஈதர்நெட் என்று பெயர் வைத்தார். ஒளி பரவுவதற்கு வெளியெங்கும் ஈதர் என்று ஒன்று நிறைந்திருப்பதாக அந்தக்கால இயற்பியலில் நம்பினார்கள் அல்லவா, அந்தச் சொல். டேவிட் பாக்ஸ் என்பவருடன் சேர்ந்து அதை ஓடவும் வைத்தார். அதற்கு முன்பே ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் ரேடியோ அலையில் இதைப் போன்ற ஒரு முறையை அலோஹாநெட் என்று நடத்திக்கொண்டிருந்தார்கள். மெட்காஃப் அங்கிருந்து எடுத்துக்கொண்டு செம்மைப்படுத்தினார்.

விதி இவ்வளவுதான். பேசுவதற்கு முன் கேள். யாரும் பேசவில்லை என்றால் பேசு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இரண்டு பேரும் நிறுத்துங்கள், ஆளுக்கு ஒரு அளவு காத்திருந்து மறுபடி முயலுங்கள். ராத்திரி கரண்ட் போன நேரத்தில் திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்து பேசுவார்களே, அப்படி. முகம் தெரியாது, யார் பேசலாம் என்று சொல்லத் தலைவரும் இல்லை, ஆனாலும் பேச்சு நடக்கும். மெட்காஃப் கம்ப்யூட்டர்களை அப்படித்தான் உட்கார வைத்தார். யாருக்கும் அதிகாரம் கொடுக்காமல் எல்லோரையும் ஒழுங்காகப் பேச வைத்த அந்த அமைப்பை இன்று நினைத்தாலும் எனக்கு மரியாதை வருகிறது.

இரண்டு பேர் ஒன்றாகப் பேசிவிட்டார்கள் என்று கார்டுக்கு எப்படித் தெரியும்? உங்கள் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. கார்டு கேபிளுக்குள் தள்ளுவது ஒரு குறிப்பிட்ட அளவு மின்னோட்டம். அது இரண்டு பக்கமும் ஓடி, இரண்டு முனைகளிலும் உள்ள டெர்மினேட்டர் வழியாகக் கம்பி வலைக்குத் திரும்புகிறது. இரண்டு 50 ஓம் இணையாக நின்றால் மொத்தம் 25 ஓம். அதனால் ஒரு கார்டு பேசும்போது கேபிளில் சராசரியாக ஒரு வோல்ட் அளவுக்கு நிற்கும். இரண்டு கார்டுகள் ஒன்றாகப் பேசினால் மின்னோட்டம் இரட்டிப்பாகும், வோல்டும் இரட்டிப்பாகும். வோல்ட் அப்படி எகிறினால் மோதல் என்று கார்டு எடுத்துக்கொள்ளும்.

இப்போது நடுவில் எங்காவது கேபிளைக் கழற்றுங்கள். ஒரு கேபிள் இரண்டாகிறது. ஆளுக்கு ஒரு டெர்மினேட்டர்தான் மிச்சம். 25 ஓம் இருந்த இடத்தில் 50 ஓம். இனி ஒரே ஒரு கார்டு தனியாகப் பேசினாலும் வோல்ட் இரட்டிப்பாகத் தெரியும். யாரோ குறுக்கே பேசுகிறார்கள் என்று நினைத்து அந்தக் கார்டு நிறுத்தும், காத்திருக்கும், மறுபடி பேசும், மறுபடி அதே. பதினாறு முறை முயன்றுவிட்டுக் கைவிடும். எல்லாக் கார்டுகளுக்கும் இதே கதி. அதோடு, திறந்த முனைக்குப் போன அலை சுவரில் பட்ட பந்தைப் போலத் திரும்பி வந்து, பின்னால் வரும் பிட்டுகளையும் கெடுக்கும். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது காரணத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகும். ஆபீஸை நிறுத்தியது முதல் காரணம்.

ஆகவே வெட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் மட்டும் துண்டிக்கப்படுவார்கள் என்று நினைத்தால் தவறு. சர்வருக்குப் பக்கத்து மேஜையில், வெட்டே இல்லாத கேபிளில் இருப்பவரும் நின்றுபோவார். அப்பாவுக்கு அந்த நாளில் விளங்காமல் இருந்திருக்கக்கூடியது இதுதான்.

ஒரு கம்ப்யூட்டரை எடுக்க வேண்டும் என்றால் டி-யைக் கார்டிலிருந்து கழற்ற வேண்டும். டி-யின் இரண்டு கைகளும் கேபிளில் அப்படியே கோத்திருக்கும், நெட்வொர்க் ஓடிக்கொண்டே இருக்கும். கையிலிருந்து கேபிளைக் கழற்றினால்தான் விபரீதம். "டி-யைக் கழற்றலாம், கேபிளைக் கழற்றாதீர்கள்" என்று தமிழில் எழுதி மேஜைக்குப் பின்னால் ஒட்டிவிட்டு வருவேன். ஒரு வாரம் இருக்கும். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி மாட்டும்போது ஒருவருக்குக் கை மாறிவிடும். பூஜை முடிந்து திறக்கும் முதல் நாள் காலையில் எனக்கு மூன்று நான்கு இடங்களிலிருந்து போன் வருவது வழக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. சனிக்கிழமை சம்பள நாள். பதினெட்டு நோடு. நோடு என்றுதான் சொல்வோம், கம்ப்யூட்டர் என்று அல்ல. மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லாத் திரையும் உறைந்துவிட்டது. சம்பளக் கவருக்காக வெளியே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். என் பையில் இருந்தது ஒரு மல்டிமீட்டர், ஒரு உபரி டெர்மினேட்டர், கனெக்டரை நசுக்கிப் பொருத்தும் ஒரு கிரிம்பிங் டூல். முதலில் சர்வரை நிறுத்தி, அதன் டி-யின் கால் பக்கத்தில் மீட்டரை வைத்தேன். நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே 25 ஓம் காட்ட வேண்டும். 50 காட்டியது. எங்கோ கேபிள் விட்டிருக்கிறது.

பதினெட்டு மேஜையையும் தேட வேண்டியதில்லை. ஒன்பதாவது மேஜைக்குப் போய், அங்கிருந்து மேலே போகிற கேபிளைக் கழற்றிவிட்டு, என் டெர்மினேட்டரை அந்தக் கையில் போட்டேன். சர்வரிலிருந்து ஒன்பது வரை உயிர் வந்துவிட்டது. அப்படியானால் கோளாறு அதற்கு அப்பால். சம்பளம் போடும் நோடு இந்தப் பக்கம் இருந்ததால், வேலையை ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டு நான் மீதிப் பாதிக்குப் போனேன். அதையும் பாதியாக்கி, பிறகு அதிலும் பாதியாக்கி, நான்காவது தடவையில் பதினாறாவது மேஜையில் வந்து நின்றேன். கேபிளின் மேல் நாற்காலிக் கால் ஏறி, கனெக்டருக்குள் இருந்த வலைக் கம்பி பிய்ந்து வந்திருந்தது. வெட்டி, புது கனெக்டர் வைத்து நசுக்கி, மாட்டினேன். மீட்டர் 25 காட்டியது. நாலு மணிக்குள் எல்லாக் கவரும் டாட் மேட்ரிக்ஸில் அச்சாகிவிட்டது. அந்தப் பிரிண்டர் சத்தத்தைக் கேட்டு வெளியே நின்றவர்கள் முகம் தெளிந்ததை நான் மறக்கவில்லை.

மீட்டர் எப்போதும் உண்மையைச் சொல்லும் என்றும் இல்லை. வேறொரு இடத்தில் காலை முதல் மீட்டர் ஒழுங்காக 25 காட்டுகிறது, ஆனால் தூரத்து நோடுகள் மட்டும் நினைத்தபோது விட்டுவிட்டு வருகின்றன. கார்டை மாற்றினேன், டி-யை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கேபிளோடு கூடவே சுவரோரமாகத் தவழ்ந்தேன். மாடிப்படிக்குக் கீழே கருப்பு உறையின் மேல் அச்சிட்டிருந்த எழுத்து மாறியது. அங்கிருந்து ஒரு துண்டு ஆர்ஜி-59. எலி கடித்த இடத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு கேபிள் டிவி வயரைப் போட்டு ஒட்டவைத்திருக்கிறார்கள். 1992-க்குப் பிறகு ஊரெல்லாம் அந்த வயர்தானே, எளிதில் கிடைத்தது.

டிவி வயரின் பண்பு 75 ஓம். இது அலை ஓடும்போது கேபிள் காட்டும் தன்மை. பேட்டரியில் ஓடுகிற மீட்டருக்கு இது தெரியாது. செம்பு செம்போடு சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் அது பார்க்கும். ஆனால் 50-லிருந்து 75-க்குள் நுழைகிற இடத்திலும், வெளியே வருகிற இடத்திலும் அலையில் ஒரு பங்கு திரும்பிவிடும். டெர்மினேட்டர் ஏன் சரியாக 50 ஓம், 40-ஓ 60-ஓ ஏன் இல்லை என்பதற்கும் இதுதான் காரணம். கேபிளின் தன்மையும் முனையின் தன்மையும் ஒன்றாக இருந்தால், வந்த அலை கேபிள் இன்னும் முடியவில்லை என்று நினைத்து அதற்குள் போய்ச் சூடாகி மறைந்துவிடும். அன்று தரையில் தவழ்ந்துதான் இதை நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

மழைக்காலம் தனித் துன்பம். ஐப்பசி கார்த்திகையில் இடி விழுந்தால் கேபிளின் வெளி வலை அதைக் கட்டடம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கும், வரிசையாகக் கார்டுகள் எரியும். அலுவலகத்தையும் பாக்டரியையும் இந்தக் கேபிளால் இணைக்காதீர்கள் என்று நான் மன்றாடியிருக்கிறேன். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒன்றாக இருக்காது, அந்த வித்தியாசம் வலை வழியாக ஓடும். டி-யைத் தொட்டு ஷாக் அடித்த அனுபவம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. வலையை ஒரே ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும் என்பது விதி. உப்பும் கரியும் போட்ட எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் நெட்வொர்க் இன்ஜினியரின் வேலைதான்.

அடுத்து கார்டுகள். அவை பெரும்பாலும் என்இ2000 வகையாக இருக்கும். ஜம்பர்களை வைத்துத்தான் அதற்கு முகவரி கொடுக்க வேண்டும். வழக்கமாக வருவது இன்டரப்ட் 3 (கார்டு கம்ப்யூட்டரைக் கூப்பிடும் வழி), போர்ட் 300 (தகவல் கைமாறும் இடம்). அதே இன்டரப்ட் 3-ஐ இரண்டாவது சீரியல் போர்ட்டும் கேட்கும். அங்கே மவுஸோ மோடமோ மாட்டியிருந்தால் சண்டைதான். கார்டில் காலியாக ஒரு சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். அது பூட் ரோம் என்ற சில்லு செருகும் இடம். ஹார்டு டிஸ்க், ஃப்ளாப்பி எதுவும் இல்லாத நோடுகள், கரண்ட் போட்டதும் அந்தச் சில்லின் துணையோடு சர்வரிலிருந்தே டாஸ் என்ற இயங்குதளத்தை இழுத்துக்கொண்டு எழும். ஹார்டு டிஸ்க் விலை அதிகமாக இருந்த நாட்டில் அது பெரிய வரம். வைரஸும் எளிதில் வராது. 1990-இல் இந்தியாவிலேயே கண்டுபிடிக்கப்பட்ட ஜோஷி வைரஸ் ஜனவரி 5-ஆம் தேதி திரையில் வந்து, 'ஹாப்பி பர்த்டே ஜோஷி' என்று டைப் செய்யச் சொல்லி மிரட்டியது. அது பரவியது ஃப்ளாப்பியில். ஃப்ளாப்பி டிரைவே இல்லாத நோடில் அதற்கு வழி இல்லை. ஒரு சிரமம் உண்டு. காலை ஒன்பதரைக்கு எல்லோரும் ஒன்றாக சுவிட்ச் போட்டால் எல்லோரும் அதே கேபிளில் டாஸைக் கேட்பார்கள், காத்திருக்க வேண்டும்.

சர்வரில் ஓடியது நாவெல் நெட்வேர் என்ற நெட்வொர்க் இயங்குதளம். நாவெல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கம்பெனி. 1991-இல் வந்த 3.11-ஐயும் 1993-இல் வந்த 3.12-ஐயும் எங்கள் பக்கம் எங்கும் பார்க்கலாம். 386 மெஷினில் 4 எம்பி மெமரி இருந்தால் 3.11 ஓடும். இன்று நீங்கள் எடுக்கும் ஒரு போட்டோ அதைவிடப் பெரியது. அந்த 4 எம்பியில் அது செய்த வேலை அபாரம். டிஸ்கில் ஒரு இடம் கெட்டுப்போனால் அந்தத் தகவலைத் தானாக வேறு நல்ல இடத்தில் எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடரும். ஐபி முகவரி மாதிரி எதையும் கையால் கொடுக்க வேண்டியதில்லை. கார்டின் எண்ணையும் நெட்வொர்க் எண்ணையும் சேர்த்துத் தானே முகவரி அமைத்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போது திரையில் ஒரு பாம்பு நெளியும். சர்வருக்கு வேலை கூடினால் பாம்பின் வால் நீளும். மேனேஜர் அறையைக் கடக்கும்போதே பாம்பைப் பார்த்து இன்று சுமை எப்படி என்று சொல்லிவிடுவேன்.

3.11-லிருந்து 3.12-க்கு மாறியபோது மட்டும் பல பேர் தலையைப் பிய்த்துக்கொண்டோம். பழையது 802.3 என்ற ஃபிரேம் (தகவல் கட்டு) வடிவில் பேசும், புதியது 802.2. கேபிள் சரி, கார்டு சரி, மீட்டர் 25 காட்டுகிறது, நோடு மட்டும் சர்வர் இல்லை என்று சாதிக்கும். ஒரு ஃபைலில் ஒரு வரி மாற்றினால் தீர்ந்துவிடும்.

வயர் விட்டால் வேலை நிற்பது மட்டும் நஷ்டமில்லை. கணக்கே கெடும். அதற்குக் காரணம் வயரைக் காட்டிலும் அந்தக்கால மென்பொருளின் அமைப்பு. ஃபாக்ஸ்ப்ரோ, கிளிப்பர் என்ற டேட்டாபேஸ் மொழிகள் இரண்டிலும் எழுதிய சம்பளம், ஸ்டாக் புரோகிராம்கள் சர்வரில் ஓடவில்லை. ஒவ்வொரு நோடின் உள்ளேயும் ஓடின. சர்வர் ஃபைலை மட்டும் காத்தது. நீங்கள் ஒரு பில் போட்டால் உங்கள் நோடு டேட்டா ஃபைலில் ஒரு வரியும், பிறகு தேடுவதற்கான இண்டெக்ஸ் ஃபைலில் நாலைந்து இடங்களும் எழுத வேண்டும். பாதி எழுதும்போது கேபிள் போனால் டேட்டா ஒன்று சொல்லும், இண்டெக்ஸ் இன்னொன்று சொல்லும். கிளிப்பரில் 1012 என்ற எண்ணோடு ஒரு பிழை வரும். அந்த எண்ணைப் பார்த்தால் எல்லோரையும் வெளியேறச் சொல்லி, இண்டெக்ஸை முதலிலிருந்து கட்டுவோம். பெரிய ஃபைல் என்றால் சாப்பிட்டுவிட்டு வரும்வரை ஓடும். ஆகவே கேபிளைத் தொடும் முன் நான் உரக்கக் கேட்பேன்: "எல்லாரும் வெளிய வந்தாச்சுங்களா?"

சரி, இவ்வளவு இடையூறு தெரிந்தும் ஏன் இதை வாங்கினோம்? காசு. நடுப்பெட்டி வேண்டாம், ஒரு மேஜைக்கு இரண்டு கனெக்டரும் ஒரு டி-யும் போதும், கேபிள் பக்கத்து மேஜை வரை நீண்டால் போதும். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்தால் இடையில் வெட்டிக் கோத்துவிடலாம். மாற்று வழிகளும் இருந்தன. ஆர்க்நெட் என்று ஒன்று, 1977-இலேயே வந்தது, நொடிக்கு 25 லட்சம் பிட். மெதுவானது, ஆனால் கரடுமுரடான இடத்திலும் தாங்கும். ஐபிஎம் 1985-இல் கொண்டுவந்த டோக்கன் ரிங்கில் மோதலே கிடையாது, பேசும் உரிமை ஒரு சுற்றில் கைமாறிக்கொண்டே போகும். பொறியியலாகப் பார்த்தால் அது அழகானது என்றே நினைக்கிறேன். கார்டு விலை எங்கள் ஊருக்குக் கட்டுப்படியாகவில்லை. வங்கிக் கிளைகளில் வேறு மாதிரி. அங்கே யூனிக்ஸ் ஓடும் ஒரு மெஷின், அதிலிருந்து ஒவ்வொரு கவுண்ட்டருக்கும் தனித்தனி சீரியல் வயர், முனையில் திரையும் கீபோர்டும் மட்டும் உள்ள டம் டெர்மினல். அங்கே ஒரு வயர் போனால் ஒரு கவுண்ட்டர்தான் போகும். ஆனால் நடு மெஷின் போனால் கிளை முழுவதும் போகும். எது போனால் எல்லாம் போகும் என்பது ஒவ்வொரு அமைப்பிலும் ஒவ்வொரு இடத்தில் இருந்தது. கோ-ஆக்ஸில் அது கண்ணுக்குத் தெரிகிற, கையால் தொடக்கூடிய இடத்தில் இருந்தது. அதனால்தான் மோசமான வடிவமைப்பு என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. ஒரு மீட்டரும் ஒரு மூடியும் வைத்துக்கொண்டு, படிக்கட்டுக்குக் கீழே தவழத் தயாராக இருந்தால், இருபது வயதுப் பையன் ஒரு கம்பெனியின் நெட்வொர்க் முழுவதையும் தன் தலைக்குள் வைத்திருக்க முடிந்தது.

இந்த வயரை ஓய்வுக்கு அனுப்பியது டெலிபோன் வயர் போன்ற முறுக்கு வயர். 1990-இல் 10பேஸ்-டி தரநிலை வந்தது, ஒவ்வொரு நோடும் தனி வயரில் நடுவில் உள்ள ஹப் என்ற பெட்டிக்கு வந்தது. ஹப்பும் உள்ளுக்குள் அதே ஒற்றைக் கேபிள்தான், சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தது போல. மோதல் தொடர்ந்தது, ஆனால் ஒருவர் வயர் போனால் ஒருவர்தான் போனார். அதே 1990-இல் கலிஃபோர்னியாவில் கல்பனா என்ற பெயரில் இயங்கிய ஒரு கம்பெனி முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்றது. அதை நிறுவியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். 1994-இல் நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. நான் கோ-ஆக்ஸ் போட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில் அதன் முடிவும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. சுவிட்ச் விலை இறங்கி எங்கள் ஊருக்கு வர 1990-களின் கடைசி ஆயிற்று.

ஆனால் வயர் போய்விட்டதே தவிர அதன் விதி போகவில்லை. ஈதர்நெட் ஃபிரேம் 64 பைட்டுக்குக் குறையக்கூடாது என்று படித்திருப்பீர்கள். அது ஏன் 64? நெட்வொர்க்கின் ஒரு கோடியில் பேசத் தொடங்கியவன், மறுகோடியில் நடந்த மோதல் தன்னிடம் திரும்பி வரும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பே முடித்துவிட்டால் மோதல் நடந்ததே அவனுக்குத் தெரியாது. ரிப்பீட்டர்கள் (அலையை வலுவாக்கி அனுப்பும் பெட்டிகள்) வைத்து நீட்டக்கூடிய மிகப் பெரிய நெட்வொர்க்கில் போய்த் திரும்ப 51.2 மைக்ரோ செகண்ட் என்று வைத்தார்கள். நொடிக்கு ஒரு கோடி பிட் வேகத்தில் அது 512 பிட், அதாவது 64 பைட். இன்று உங்கள் சுவிட்சில் மோதல் என்பதே நடக்காது. ஆனாலும் ஒரு பைட் அனுப்பினாலும் 64 ஆகும்படி நிரப்பித்தான் அனுப்புகிறீர்கள். தகவலின் மேல் வரம்பான 1500 பைட்டும் 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் என்ற மூன்று கம்பெனிகளும் சேர்ந்து வெளியிட்ட தரநிலையில் வந்ததுதான். உங்கள் வைஃபையில் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது காற்று ஒன்றுதான். அதில் ஆளுக்கு ஒரு அளவு காத்திருந்து மறுபடி முயல்வது அந்த ஹவாய்த் தீவிலிருந்து வந்த பழக்கம், கேட்டுவிட்டுப் பேசுவது ஈதர்நெட்டில் சேர்ந்தது.

கடைசியாக அந்தச் செங்கல். 20 எம்பி, ஐந்தேகால் அங்குலம், செங்கல் கனம் என்றால் பெரும்பாலும் சீகேட் எஸ்டி-225. 1980-களின் நடுவிலிருந்து எங்கும் நிறைந்திருந்த டிஸ்க். அதன் தலையை (தகட்டில் படித்து எழுதும் பாகம்) நகர்த்துவது படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார். தலை சரியான தடத்தில் நிற்கிறதா என்று சரிபார்க்க உள்ளே எந்த ஏற்பாடும் இல்லை, இத்தனை படி நகர்ந்தால் இத்தனையாவது தடம் என்ற நம்பிக்கைதான். மதியச் சூட்டில் ஃபார்மட் செய்ததை ஏசி போட்ட குளிர்ந்த காலையில் படிக்க மறுக்கும், அரை மணி நேரம் ஓடிச் சூடேறினால் படிக்கும். அணைக்கும் முன் பார்க் என்று ஒரு கட்டளை கொடுத்துத் தலையை ஓரமாக ஒதுக்க வேண்டும். மறந்துவிட்டு மேஜையை நகர்த்தினால் தலை தகட்டில் தட்டிக் கீறும்.

அதற்குள் பழைய கணக்கு ஏதாவது இருக்கும் என்று அப்பா நினைத்தால், இரும்புக் கடைக்குப் போடாதீர்கள், கரண்டும் கொடுத்துப் பார்க்காதீர்கள். பெட்டியைத் துழாவி, ஒரு 34 ஊசி சாக்கெட்டும் 20 ஊசி சாக்கெட்டும் உள்ள நீளமான கார்டு இருக்கிறதா பாருங்கள். இந்த டிஸ்க் எந்தக் கண்ட்ரோலர் கார்டில் ஃபார்மட் ஆனதோ, அதிலோ அதே வகைக் கார்டிலோதான் ஒழுங்காகப் படிக்கும். கார்டு கிடைத்தால் இரண்டையும் சேர்த்து ஒரே உறையில் கட்டி வையுங்கள். டெர்மினேட்டர் ஒன்றை எடுத்து நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் மீட்டர் வைத்துப் பார்த்து, எத்தனை ஓம் காட்டியது என்று எனக்கு எழுதுங்கள்.